வீட்டுல டிஸ்க்கும் வைஃபையும் மக்கர் பண்ணா: சிங்கப்பூர் வீடுகள்ல நான் பாத்து கத்துக்கிட்டது

ஹார்ட் டிஸ்க்க செருகுனதும் 'இத யூஸ் பண்ணணும்னா ஃபார்மட் பண்ணணும், பண்ணவா?'னு ஒரு பெட்டி வந்து நின்னா, கேன்சல் அமுக்கிட்டு வயர கழட்டிடுங்க. இத மொதல்ல சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம். அந்தப் பெட்டிய பாத்து பயந்துபோய் ஓகே அமுக்குனவங்க வீட்டு போட்டோவெல்லாம் எப்டி போச்சுனு நான் நெறைய பாத்துட்டேன், வயிறு எரியும். 'இனிஷியலைஸ் பண்ணணும்'னு இன்னொரு பெட்டி வரும், அதுக்கும் இதே பதில்தான்.

நான் ஒரு கம்பெனில ஐடி சப்போர்ட்ல இருக்கேன். பகல்ல ஆபீஸ் கம்ப்யூட்டருங்க, சாயங்காலமும் சனி ஞாயிறும் சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க, கீழ் மாடி ஆன்ட்டினு யாராவது கூப்பிடுவாங்க. ஈசூன், செங்காங், ஜூரோங் வெஸ்ட்னு போய் பாத்த வீடுங்கள்ல திரும்பத் திரும்ப வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. கோளாறு ஒரு எடத்துல இருக்கும், பழி வேற எடத்துல விழும். வைஃபை வரலைன்னா ரவுட்டர மாத்துறாங்க, ஆனா செவுருதான் காரணம். டிஸ்க் செத்துப்போச்சுனு சிம் லிம் ஸ்குவேர் கம்ப்யூட்டர் கடைகளுக்கு தூக்கிட்டு ஓடுறாங்க, வயர்தான் காரணம். அதனால எதையாவது வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு நான் பாத்த வரைக்கும் எழுதுறேன்.

டிஸ்க்லேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா வைஃபை போனா நாளைக்கு வந்துரும், போட்டோ போனா போனதுதான்.

ஈசூன்ல இருக்குற மாமா ஒருநாள் போன் பண்ணாரு, "பாப்பா, டிஸ்க்க போட்டா ஃபார்மட் பண்ணுன்னு கேக்குது, பக்கத்து வீட்டு தம்பி என்னமோ கமாண்ட் அடிச்சா சரியாயிரும்ங்கறான், அடிக்கச் சொல்லவா?"ன்னு. அந்தத் தம்பி சொன்னது செக்டிஸ்க். "மாமா, கும்பிட்டு கேட்டுக்கறேன், யாரையும் கைய வைக்க விடாதீங்க, கழட்டி வைங்க, நான் வர்றேன்"னு சொன்னேன். அந்த டிஸ்க்ல அவரு பொண்ணு கல்யாண வீடியோ, பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் அவரு காவடி எடுத்த தைப்பூச போட்டோங்க, ஊர்ல தாத்தா பாட்டியோட பழைய படத்த ஸ்கேன் பண்ணி வச்சது, எல்லாமே அது ஒண்ணுலதான் இருந்துச்சு.

செக்டிஸ்க் கெட்ட சாமான் கெடையாது, நல்லா இருக்குற டிஸ்க்ல ஃபைல் கணக்கு கொளறுபடி ஆனா சரி பண்ணிக் குடுக்கும். ஆனா டிஸ்க்கே சாகுற நெலமைல இருந்தா அது டிஸ்க் முழுக்க ஓட ஓட விரட்டும், அதோட இருக்குற ஃபைல் பட்டியல் மேலயே எழுதிரும், எழுதுனத திரும்ப எடுக்க முடியாது. அதனால வரிசை எப்பவும் இதான்: மொதல்ல காப்பி, அப்புறம் ரிப்பேர், அதுவும் அந்தக் காப்பில.

போனதும் நான் பாத்தது கரன்ட்டு. சின்ன போர்ட்டபிள் டிஸ்க்குக்கு தனி அடாப்டர் கெடையாது, யுஎஸ்பி வயர் வழியாவே கரன்ட் எடுத்துக்கும். மாமா வீட்டுல அத ஒரு மலிவு ஹப்ல, நீளமான வயர்ல மாட்டியிருந்தாங்க. கரன்ட் பத்தலைன்னா டிஸ்க் சுத்த ஆரம்பிச்சு, நின்னு, திரும்ப ஆரம்பிச்சு 'டிக் டிக்'னு சத்தம் போடும், பாக்குறவங்க ஹெட் (உள்ள தட்ட படிக்கிற முனை) போச்சுனு நெனச்சுக்குவாங்க. வேற நல்ல குட்டை வயர் போட்டு நேரா கம்ப்யூட்டர்லயே, டெஸ்க்டாப்பா இருந்தா பின்பக்கத்து போர்ட்ல, ஒரு தடவ மாட்டிப் பாருங்க. இது மட்டுமே போதும்னு ஆன கேஸும் எனக்கு வந்திருக்கு. மாமாவுக்கு சத்தம் நின்னுச்சு, ஆனா டிஸ்க் தெறக்கல.

அடுத்தது டிஸ்க்கோட ஸ்மார்ட் கணக்கு. ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னோட உடம்பு நெலமைய தானே குறிச்சு வச்சுக்கும், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டா அத காட்டும். அதுல நான் பாக்குறது நாலு வரிதான். 05ன்னு ஒரு வரி, கெட்டுப்போன எடத்துக்கு பதிலா எத்தன மாத்து எடம் குடுத்திருக்குனு சொல்லும். சி5, படிக்க முடியாம தொங்கிக்கிட்டு இருக்குற எடங்க. சி6, தேடிப் பாத்தும் படிக்க முடியாதது. நாலாவது சி7, இது டிஸ்க்கோட கோளாறே இல்ல, பெரும்பாலும் வயர் தகராறு, வயர மாத்துனா அந்த எண்ணு ஏர்றது நின்னுரும். டெஸ்க்டாப்ல டிஸ்க்க மதர்போர்டோட சேக்குற சாட்டா வயர் லூஸா இருந்து சி7 ஏறி, ஆளுங்க டிஸ்க்கையே மாத்தியிருக்காங்க. ஒண்ணு மறக்காதீங்க, அந்த சாஃப்ட்வேர் எடுத்தவுடனே எண்ண பதினாறு அடிமான கணக்குல காட்டும், செட்டிங்ல போய் சாதாரண பத்து அடிமானத்துக்கு மாத்திட்டு படிங்க, இல்லாட்டி 10ன்னு இருக்குறத பத்துன்னு படிப்பீங்க, அது 16.

மாமா டிஸ்க்ல சி5 நூத்துக்கணக்குல இருந்துச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இத விண்டோஸ்ல வச்சு தொறந்து பாக்குற வேலையே வேணாம்னு. விண்டோஸ் ஒரு கெட்ட எடத்த படிக்க முடியலைன்னா அங்கேயே நின்னு திரும்பத் திரும்ப முட்டும், நோஞ்சான் டிஸ்க் அதுலயே போயிரும். டிடிரெஸ்க்யூன்னு ஒண்ணு இருக்கு, லினக்ஸ்ல ஓடுறது, இலவசம். ஒரு பென்டிரைவ்ல லினக்ஸ ஏத்தி அதுலேர்ந்து கம்ப்யூட்டர ஸ்டார்ட் பண்ணி, அதே அளவு இல்ல அதவிட பெரிய புது டிஸ்க் ஒண்ண பக்கத்துல மாட்டி, பழசுலேர்ந்து புதுசுக்கு அப்டியே காப்பி எடுக்கணும். அதோட சூட்சுமம் என்னன்னா சுலபமா படிக்க முடியிற எடத்தையெல்லாம் மொதல்ல அள்ளிக்கும், கெட்ட எடத்த தாண்டிப் போயிரும், கடைசில திரும்பி வந்து அந்தக் கெட்ட எடங்கள கொஞ்சம் கொஞ்சமா சொரண்டும். எது முடிஞ்சது எது பாக்கின்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதி வச்சுக்கும், நடுவுல கரன்ட் போனாலும் டிஸ்க் காணாமப் போனாலும் விட்ட எடத்துலேர்ந்து தொடரலாம், அதனால அந்த மேப் ஃபைல் பேர குடுக்காம ஓட்டவே கூடாது.

அங்க ஒரு நிமிஷம் மூச்ச புடிச்சுக்கிட்டு பாக்க வேண்டிய எடம் ஒண்ணு இருக்கு. எது பழசு எது புதுசுன்னு. கமாண்ட்ல ரெண்டு டிஸ்க்கோட பேரையும் மாத்திக் குடுத்துட்டா காலி டிஸ்க் போய் போட்டோ டிஸ்க் மேல ஏறிரும். நான் ரெண்டு டிஸ்க்கோட சீரியல் நம்பரையும் ஒரு தாள்ல எழுதி, ஸ்கிரீன்ல காட்டுற நம்பரோட ஒத்துப் பாத்து, மாமாவையும் ஒரு தடவ சத்தமா படிக்கச் சொல்லிட்டுத்தான் என்டர் தட்டுனேன். டேபிள் ஃபேன டிஸ்க் பக்கம் திருப்பி வச்சோம், சூடாவாம இருக்கணும்ல. ராத்திரி முழுக்க ஓடுச்சு. காலைல பாத்தா பெரும்பகுதி வந்துருச்சு, கெட்ட எடங்கள்ல மட்டும் சொரண்டிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் காப்பில செக்டிஸ்க் ஓட்டுனேன், ஃபோல்டரெல்லாம் பேரோட எழுந்து வந்துச்சு. கல்யாண வீடியோல ஒரு துண்டு மட்டும் கொஞ்சம் கட்டம் கட்டமா நிக்குது, மத்ததெல்லாம் நல்லா இருக்கு. அத்தை அந்த காவடி போட்டோவ தொறந்து பாத்துட்டு ஒண்ணும் பேசல, உள்ள போய் எனக்கு டீ போட்டுட்டு வந்தாங்க.

ஃபோல்டர் பேரு வராம போனா ஃபோட்டோரெக்னு இன்னொரு இலவச சாமான் இருக்கு, அது போட்டோ வீடியோங்கள உருவத்த வச்சு தேடி எடுக்கும், ஆனா பழைய பேரும் தேதி ஃபோல்டரும் வராது, ஆயிரக்கணக்கான படம் நம்பரோட கொட்டும். அதுவும் காப்பிலதான் ஓட்டணும்.

இதெல்லாம் டிஸ்க் ஒழுங்கா சுத்துற வரைக்கும்தான். நல்ல வயர், நேர் போர்ட், எல்லாம் பாத்தும் மாட்டுனவுடனே 'டக் டக்'னு அடிச்சுக்கிட்டே இருந்தா, இல்ல கீழ விழுந்த டிஸ்க்கா இருந்தா, இன்னொரு தடவ கூட ஓட்டாதீங்க, உள்ள ஹெட் தட்டு மேல ஒரசுதுன்னா ஒவ்வொரு சுத்துலயும் போட்டோ தூளா போய்ட்டிருக்கு. தூசி இல்லாத க்ளீன் ரூம் வச்சு டேட்டா எடுத்துத் தர்றவங்ககிட்ட குடுங்க, தொறந்து பாக்குறதுக்கு காசா, டேட்டா வரலைன்னாலும் காசானு மொதல்லயே எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க. ஃப்ரீசர்ல வைக்கச் சொல்ற வீடியோ இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. நம்ம ஊரு ஈரப்பதத்துல வெளிய எடுத்த அடுத்த நிமிஷம் தண்ணி கோர்த்துக்கும், வேணவே வேணாம்.

எஸ்எஸ்டிக்கு, அதாவது சுத்துற தட்டே இல்லாம சிப்லயே எழுதுற டிஸ்க்குக்கு, கத வேற. பெரும்பாலும் சத்தம் போட்டு சொல்லிட்டு சாகாது, நேத்து வரைக்கும் ஓடும், இன்னிக்கு கம்ப்யூட்டர் அதப் பாக்கவே பாக்காது. டெலீட் பண்ண ஃபைல திரும்ப எடுக்குறதும் ரொம்ப கஷ்டம், டிரிம்னு ஒரு வேலை பின்னாடி ஓடி அந்த எடத்த தொடச்சிரும். போட்டோவ ஏத்தி அலமாரில வருஷக்கணக்கா போட்டு வைக்கிறதுக்கும் எஸ்எஸ்டி சரிவராது, கரன்ட்டே இல்லாம கெடந்தா எழுதுனது மெல்ல மெல்ல மங்கும்.

லேப்டாப் வச்சிருக்கவங்க இன்னிக்கே ஒண்ணு செய்யுங்க. விண்டோஸ் 11 இருக்குற நெறைய லேப்டாப்ல நமக்குத் தெரியாமலே டிஸ்க்க பூட்டி வச்சிருக்கும், பிட்லாக்கர். மதர்போர்டு போய் எஸ்எஸ்டிய கழட்டி வேற எடத்துல போட்டா 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். அது பொதுவா உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும், ஆனா அந்த அக்கவுன்ட் பழைய நம்பர்ல இருந்து உள்ள போக முடியலைன்னா அவ்வளவுதான், யாராலயும் தொறக்க முடியாது. லேப்டாப் நல்லா இருக்கும்போதே அத ஒரு தாள்ல எழுதி பாஸ்போர்ட் வைக்கிற எடத்துல வச்சிருங்க.

ஆன்லைன்ல 16 டிபி பென்டிரைவ் சாப்பாட்டு காசுக்கு வருதுன்னு வாங்கிடாதீங்க. உள்ள சின்ன சிப் ஒண்ணத்தான் வச்சிருப்பான், பெருசுன்னு பொய் சொல்ல வச்சிருப்பான், ரொம்புனதுக்கு அப்புறம் எழுதுறதெல்லாம் காத்துல போகும், ஃபைல் பேரு மட்டும் நிக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு சின்ன புரோகிராம் முழு டிரைவையும் எழுதி திரும்ப படிச்சுப் பாக்கும், புது மெமரி கார்டு எது வாங்குனாலும் நான் அத ஓட்டாம ஒரு போட்டோவும் போட மாட்டேன். ஆனா 1 டிபி வாங்கி விண்டோஸ் 931னு காட்டுதேன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, அது ஆயிரத்துல எண்றதுக்கும் 1024ல எண்றதுக்கும் உள்ள வித்தியாசம், ஏமாத்து இல்ல.

'காப்பி ரொம்ப ஸ்லோ'ன்னு வர்ற புகார்தான் டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் போட்டு கொழப்புறது. 1 ஜிபி பிளான்னா விநாடிக்கு 1000 மெகாபிட், எட்டால வகுத்தா 125 மெகாபைட், அதுதான் உச்சம். சுத்துற போர்ட்டபிள் டிஸ்க் ஒண்ணு சுமாரா 100லேர்ந்து 130 வரைக்கும் எழுதும், அதையே பழைய யுஎஸ்பி 2 போர்ட்ல மாட்டுனா 40த் தாண்டாது. காப்பி ஓடும்போது ஸ்பீடு எந்த எண்ணுல போய் நிக்குதுன்னு பாத்தாலே தடை எங்கன்னு பாதி தெரிஞ்சிரும். 35, 40ன்னு நின்னா தப்பான போர்ட். 11, 12ன்னு நின்னா நெட்வொர்க் வயர்.

இந்த 11ங்கறது ரொம்ப சாதாரணமா பாக்குறது. செங்காங்ல சித்தி வீட்டுல 1 ஜிபிலேர்ந்து பெரிய பிளானுக்கு மாத்திட்டாங்க, மாசம் கூட காசு, ஆனா ஸ்பீடு டெஸ்ட் போட்டா 94, 95தான். கஸ்டமர் சர்வீஸ்ல ரவுட்டர ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க. 95 மெகாபிட்ட எட்டால வகுத்தா அதே 11, 12 மெகாபைட்தான், பாத்தவுடனே வயர்னு சொல்லிடலாம். லேன் வயருக்குள்ள எட்டு கம்பி, நாலு ஜோடி. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும், ஒரு கம்பி போனாலும் ரெண்டு ஜோடிய வச்சு 100 மெகாபிட்டுக்கு எறங்கி ஓடிக்கிட்டு இருக்கும், நின்னு போகாது, அதான் யாருக்கும் தெரியாது. விண்டோஸ்ல நெட்வொர்க் செட்டிங்ல லிங்க் ஸ்பீடுனு ஒரு வரி இருக்கும், 1000ன்னு இல்லாம 100ன்னு இருந்தா அதான். சித்தி வீட்டுல ரூம் கதவுக்கு அடியில தட்டை வயர் போயிருந்துச்சு, கதவு தேய்ச்சுத் தேய்ச்சு ஒரு எடத்துல தோல் பளபளன்னு தெரிஞ்சுது. பத்து வெள்ளி வயர் மாத்துனதும் 900த் தாண்டுச்சு. ஒரு விஷயம், டிவிய லேன்ல மாட்டி அங்க 95 காட்டுனா பதறாதீங்க, நெறைய ஸ்மார்ட் டிவில போர்ட்டே 100தான், அதுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே வேகம்.

10 ஜிபி பிளான் விளம்பரத்த பாத்து கேக்குறவங்களுக்கும் இதேதான் சொல்றேன். உங்க லேப்டாப் போர்ட் 1 ஜிபின்னா 940க்கு மேல வராது. வீட்டுல இருக்குற சாமான மொதல்ல பாருங்க.

இப்ப வைஃபை. சிங்கப்பூர்ல வைஃபைக்கு மொதல் எதிரி பாம் ஷெல்டர். 1990கள் கடைசிக்கு அப்புறம் கட்டுன வீவக (எச்டிபி) அடுக்குமாடி வீடுகள்ல ஸ்டோர் ரூமா பயன்படுத்துறோமே, அந்த ஷெல்டர், கம்பி கட்டுன தடி கான்கிரீட் செவுரு, இரும்புக் கதவு. வைஃபை அத தாண்டாது. நெறைய பேரு பார்வைக்கு அசிங்கமா இருக்குனு ரவுட்டர அதுக்குள்ளயே, இல்ல அதோட செவுத்த ஒட்டி டிவி கேபினெட் கதவுக்குப் பின்னாடி வச்சிருக்காங்க, ஷெல்டருக்கு அந்தப் பக்கம் இருக்குற ரூம்ல புள்ள ஆன்லைன் டியூஷன்ல 'டீச்சர் கேக்கல, டீச்சர் கேக்கல'ன்னு கத்திக்கிட்டு இருக்கும். ஷெல்டர் செவுத்துல வயருக்காக ஓட்டை போடவும் கூடாது, அது உயிர் காக்குற எடம்.

நான் செய்றது, வீட்டு பிளான ஒரு தாள்ல கிறுக்கிக்குவேன், ஷெல்டர கறுப்பா அடிச்சுட்டு, ரவுட்டர்லேர்ந்து ஒவ்வொரு ரூமுக்கும் கோடு போடுவேன். கோடு கறுப்பு மேல போனா அந்த ரூம்ல சிக்னல் வராது. ரவுட்டர ஹால்ல ரெண்டு மூணு அடி நகத்தி, கேபினெட்லேர்ந்து வெளிய எடுத்து ஒசரமா வச்சதுலயே தீர்ந்த வீடு நெறைய. தீரலைன்னா மெஷ், அதாவது ரெண்டு மூணு பெட்டி சேந்து ஒரே வைஃபைய வீடு முழுக்க பரப்புறது. ஆனா ரெண்டாவது மெஷ் பெட்டிய சிக்னல் வராத ரூமுக்குள்ளயே வைக்காதீங்க, அதுக்கே சிக்னல் வராட்டி அது என்னத்த குடுக்கும், நல்ல சிக்னலுக்கும் செத்த ரூமுக்கும் நடுவுல ரெண்டும் தெரியிற எடத்துல வைங்க. புதுசா கட்டிக் குடுத்த பிடிஓ (வீவக) வீடா இருந்தா இன்னும் சுலபம், ரூம் செவுத்துல லேன் பாய்ண்ட் கட்டும்போதே போட்டிருப்பாங்க, நெறைய பேரு அது மேல பீரோவ போட்டு மறைச்சுட்டு மறந்துட்டாங்க. அந்த வயர் எல்லாம் ஒரு எடத்துல வந்து சேரும், அங்க ரவுட்டர்லேர்ந்து மாட்டி, ரூம்ல ரெண்டாவது பெட்டிய வயர்லயே குடுத்தா வைஃபை காத்துல கைமாறி கைமாறி பாதியாகுற தொல்லை போயிரும். பழைய வீட்டுக்கு ஸ்கர்ட்டிங் ஓரமா டிரங்கிங் (வயர மூடுற பிளாஸ்டிக் உறை) போட்டு ஒரு வயர் இழுக்குறதுதான் என் கட்சி, ஒரு தடவ செலவு, அப்புறம் நிம்மதி.

2023ல இங்க வைஃபைக்கு 6 கிகா அலைவரிசையையும் தெறந்துவிட்டாங்க, வேகம் ஜாஸ்தி, கூட்டம் கம்மி, ஆனா செவுத்துல ஊடுருவுறது 5 கிகாவ விட மோசம். ஷெல்டர் பிரச்சனைக்கு அத வாங்காதீங்க. 2.4 கிகா அலைவரிசைக்கு ரவுட்டர் செட்டிங்ல சேனல் 1, 6, 11 மூணுல ஒண்ணு, சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்னு வைங்க. எதிர் புளோக், மேல் மாடி, பக்கத்து வீடுன்னு லிஸ்ட்ல அவ்வளவு பேரு தெரியும், அங்க அகலத்த 40 ஆக்குனா எல்லாருக்கும் சேத்து கெடும். 5 கிகால அப்பப்ப ஒரு நிமிஷம் காணாமப் போய் திரும்ப வருதுன்னா டிஎஃப்எஸ் சேனலா, அதாவது ரேடாரும் பயன்படுத்துற சேனலா இருக்கலாம், ரேடார் சத்தம் கேட்டா ரவுட்டர் எடத்த காலி பண்ணணும்னு விதி. 36லேர்ந்து 48க்குள்ள ஒரு சேனல நெரந்தரமா வச்சுப் பாருங்க.

ஒரு கேஸ் மட்டும் ரொம்ப நாள் மனசுல நிக்கிறது. தம்பி முறை ஆகுற பையன், பாலிடெக்னிக்ல படிக்கிறான், பிராஜக்ட்ட வெளி டிஸ்க்குக்கு காப்பி பண்ணும்போதெல்லாம் வைஃபை படுக்குது, மவுஸ் தாவுது, காப்பி முடிஞ்சா சரியாயிருது. வைரஸ்னு நெனச்சு விண்டோஸையே புதுசா போட்டுட்டான் பாவம். பாத்தா யுஎஸ்பி 3 டிஸ்க், அதுக்கு ஒட்டுன போர்ட்ல வயர்லெஸ் மவுஸோட டாங்கிள் (குட்டி ரிசீவர்). யுஎஸ்பி 3 ஓடும்போது கெளப்புற எரைச்சல் சரியா 2.4 கிகா பக்கமா விழும், 2012லயே இன்டெல் இத ஆராய்ஞ்சு அறிக்கையா போட்டிருக்கு. டிஸ்க்க லேப்டாப்போட மறுபக்கம் மாட்டி, டாங்கிள ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன்ல தள்ளி வச்சு, வைஃபைய 5 கிகாக்கு மாத்துனேன். அவன் மொகத்துல வந்த நிம்மதிய பாக்கணுமே.

நெட்டே இல்லைன்னா ரவுட்டர தொடாதீங்க, மொதல்ல ஓஎன்டி, அந்த பைபர் வந்து சேர்ற பெட்டி, அதோட விளக்க பாருங்க. லாஸ்னு ஒரு விளக்கு செவப்பா மின்னுச்சுன்னா வெளிச்சமே வந்து சேரல, நீங்க ரவுட்டர ஆயிரம் தடவ ரீசெட் பண்ணாலும் பலன் இல்ல. பைபர் வயர் சோபா காலுக்கு அடியில நசுங்கிருக்கா, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிருக்கானு பாருங்க, அது கண்ணாடி இழை, முறுக்கி மடக்குனா வெளிச்சம் கசிஞ்சிரும். முனைய கழட்டி கண்ணுகிட்ட வச்சு பாக்கக் கூடாது, அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனா கெடுதல். அங்க ஒண்ணும் இல்லைன்னா கம்பெனிக்கு போன், 'லாஸ் செவப்பு'ன்னு மொத வார்த்தையா சொல்லுங்க, பாதி நேரம் மிச்சம். புது ரவுட்டர் மாட்டி நெட் வரலைன்னா ஓஎன்டியையும் அணைச்சு சில நிமிஷம் கழிச்சு போடுங்க, சில கம்பெனில பழைய ரவுட்டர் அடையாளத்த புடிச்சு வச்சிருக்கும்.

விளக்கெல்லாம் பச்சையா இருந்தும் ஓடலைன்னா, கமாண்ட் பெட்டில ஐபிகான்ஃபிக் அடிச்சுப் பாருங்க. 169.254ன்னு ஆரம்பிச்சா ரவுட்டர்கிட்டேர்ந்து அட்ரஸே கெடைக்கல. அட்ரஸ் இருக்கு, பிங் 8.8.8.8ன்னு அடிச்சா பதில் வருது, ஆனா வெப்சைட் மட்டும் தொறக்கலைன்னா டிஎன்எஸ் (வெப்சைட் பேர நம்பரா மாத்திக் குடுக்குறது) கோளாறு, அத 1.1.1.1னு மாத்திப் பாத்தா தெரிஞ்சிரும். பிரின்டர் காணோம்னு கூப்பிட்ட வீடுகள்ல எல்லாம் கம்பெனி குடுத்த ரவுட்டருக்குப் பின்னாடி இவங்க ஒரு மெஷ் வாங்கி மாட்டி, ரெண்டுமே ரவுட்டரா ஓடிக்கிட்டு இருந்துச்சு. பிரின்டர் பழசுல, லேப்டாப் புதுசுல. மெஷ்ஷ ஆக்சஸ் பாய்ண்ட் மோடுக்கு மாத்துனா போதும், அது ரவுட்டர் வேலைய விட்டுட்டு வைஃபை மட்டும் குடுக்கும்.

விண்டோஸ் 11ல 24எச்2 அப்டேட் வந்ததுக்கு அப்புறம் பழைய நாஸ் (வீட்டு நெட்வொர்க்ல மாட்டி எல்லாரும் பயன்படுத்துற டிஸ்க் பெட்டி) தொறக்கலைன்னு வந்த போன் எத்தனையோ. அந்த அப்டேட்லேர்ந்து பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளி வழிய பெரும்பாலும் அடைச்சுட்டாங்க, டிஜிட்டல் கையெழுத்து போட்ட இணைப்பு கேக்குது. அத விண்டோஸ்ல தளத்தி விடச் சொல்ற வழி நெறைய சுத்துது, நான் செய்ய மாட்டேன். நாஸ் பக்கம் ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்டு போடுங்க, சாஃப்ட்வேர அப்டேட் பண்ணுங்க, பெரும்பாலும் வேலை முடிஞ்சுது. ரவுட்டருக்கும் இதே கவனம் வேணும். 2021 ஏப்ரல்லேர்ந்து இங்க விக்கிற வீட்டு ரவுட்டருங்களுக்கு ஐஎம்டிஏ (தகவல் தொடர்பு ஆணையம்) பாதுகாப்பு விதி போட்டிருக்கு, எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுனு விக்க முடியாது. அதுக்கு முந்தி வாங்குனது இன்னும் அட்மின், அட்மின்னு கெடக்கலாம், உடனே மாத்திருங்க.

மாமா வீட்டுல இப்ப எப்டி வச்சிருக்கோம்னா, கம்ப்யூட்டர்ல ஒண்ணு, அலமாரில இருக்குற டிஸ்க்ல ஒண்ணு, மூணாவது என் வீட்டுல. மாமா எங்க வீட்டுக்கு வரும்போது டிஸ்க்க எடுத்துட்டு வருவாரு, இங்க இருக்குறத எடுத்துட்டுப் போவாரு, ரெண்டும் மாத்தி மாத்தி. போன்ல இருக்குறது கிளவுடுக்கும் போகுது, ஆனா அதுல ஒரு எடத்துல டெலீட் பண்ணா எல்லா எடத்துலயும் போயிரும், அதனால அத மட்டும் நம்பி இல்ல. அலமாரில இருக்குறது ரெண்டு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாட்டி, நாலஞ்சு பழைய வீடியோவ நெஜமாவே ஓட்டிப் பாக்கணும்னு அத்தைகிட்ட சொல்லியிருக்கேன், அவங்க அத பாக்குறதுக்காகவே செய்றாங்க. அடாப்டர் ஒவ்வொண்ணுலயும் டேப் ஒட்டி 'ரவுட்டர் 12', 'லேப்டாப் 19'ன்னு எழுதியாச்சு, பின்னு பாக்க ஒண்ணா இருக்கும், 12 வோல்ட் டிஸ்க்ல 19 செருகுனா அன்னிக்கே பொசுங்கிரும்.

பழைய ரவுட்டர், லேப்டாப்பையெல்லாம் குப்பைல போடாம மால்ல வச்சிருக்குற இ-கழிவு தொட்டில போடலாம், 2021 ஜூலைலேர்ந்து அதுக்குன்னே திட்டம் ஓடுது. லேப்டாப்ப போடுறதுக்கு முன்னாடி டிஸ்க்க கழட்டிருங்க, ரவுட்டர ஒரு தடவ ஃபேக்டரி ரீசெட் பண்ணிருங்க. ஓடுற டிஸ்க்கா இருந்தா முழுசா எழுதி அழிச்சுட்டு குடுங்க. மாமாவோட பழைய டிஸ்க் மாதிரி அழிக்கவே முடியாத நெலமைல இருந்தா, உள்ள இருக்குறது கண்ணாடி தட்டா இருக்கலாம்ங்கறதால கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி மாட்டிக்கிட்டு, டிரில் மிஷின்ல தட்டு வரைக்கும் நாலஞ்சு ஓட்டை போட்டுட்டு, துணி சுத்தி போடுங்க.